கைதுக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் ஓர் இரவு

போலீஸ் ஜீப் வாசலில் வந்து நிற்கிறது. தெரு கூடிவிடுகிறது. பெண் கான்ஸ்டபிள் இருவர் அவளைக் கையைப் பிடித்து ஏற்றுகிறார்கள். மாமியார் தலையில் அடித்துக்கொள்கிறாள், குழந்தை அழுகிறது, வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிறது. அடுத்த காட்சி கோர்ட்டில். கூண்டு, கறுப்பு அங்கி, ஆட்சேபணை, தீர்ப்பு. நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்த காட்சி இது. தொடர்கதைகளிலும் இதுதான். ‘தொடரும்’ போடுவதற்கு ஜீப்பைப் போலத் தோதான வண்டி வேறெதுவும் இல்லை.

ஜீப்புக்கும் கூண்டுக்கும் நடுவில் ஓர் இரவு இருக்கிறது. சில சமயம் பல இரவுகள். அந்த இரவில் அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள்? கழிப்பறைக்கு யார் கூட்டிப்போனார்கள்? பாலூட்டும் குழந்தை யாரிடம் இருந்தது? ஸ்டேஷனில் எத்தனை ஆண்கள் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் குடித்திருந்தார்கள்? நம் கதைகளில் பெரும்பாலானவை இவற்றைக் கேட்பதில்லை. அவை கேட்பது இரண்டே கேள்விகள். அவள் அதைச் செய்தாளா, அவளை யார் மீட்பார்கள்?

கதை எழுதுகிறவர்களுக்குக் கைது ஒரு வரப்பிரசாதம் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அதுவரை வீட்டுக்குள் புகைந்துகொண்டிருந்த எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் தெருவுக்குக் கொண்டுவந்துவிடும். கணவன், அண்ணன், பக்கத்து வீட்டுக்காரி என்று ஒவ்வொருவரும் ஒரு பக்கம் சேர்ந்தாக வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு 24 மணி நேரக் கெடு ஒன்றையும் கொடுக்கிறது. அதற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அவசரம், பயம், ரகசியம், துரோகம் எல்லாம் தயாராக இருக்கின்றன. ஆனால் ஆண் கைதானால் கதைக்குக் கிடைப்பது ஒன்று, பெண் கைதானால் கிடைப்பது வேறு. ஜெயிலுக்குப் போய்வந்த கதாநாயகன் மாலையோடு திரும்புகிறான், அல்லது பழிவாங்கத் திரும்புகிறான். பெண்ணுக்கு ஊரில் ஒரு பெயர் ஏற்கெனவே காத்திருக்கிறது: ‘ஸ்டேஷனுக்குப் போய்வந்தவள்’. அங்கே என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இந்த இரவைக் கதை எப்போது சொன்னது, எப்போது தாண்டிக் குதித்தது என்று தேடிப்போனால், நமக்கு முதலில் கிடைப்பது ஒரு கைது அல்ல, கைது இல்லாத ஒரு கொலை. மதுரையில் கோவலன்மேல் திருட்டுப் பழி விழுகிறது. பிடித்து வந்து விசாரிக்கும் கட்டம் அங்கே இல்லை. பொற்கொல்லன் சொன்னான், அரசன் ஆணையிட்டான், காவலரோடு போனார்கள். இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று காவலரே தயங்குகிறார்கள். கள்வர்களின் தந்திரங்களைப் பற்றி அவர்களுக்கு ஒரு வகுப்பே எடுக்கிறான் பொற்கொல்லன். கடைசியில் கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். விசாரணை அதற்குப் பிறகுதான் நடக்கிறது. அதை நடத்துகிறவள் கண்ணகி. சிலப்பதிகாரத்தின் முரண் முழுவதும் நடக்காத அந்த விசாரணையின்மேல் நிற்கிறது. இதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. நான் நிற்க விரும்புவது அதன் இரட்டைக் காப்பியத்தில்.

மணிமேகலையைப் பசிப்பிணி தீர்த்தவள் என்று பாடப்புத்தகம் நமக்குச் சொல்லித் தந்தது. அமுதசுரபி, ஆபுத்திரன், ஆதிரையிட்ட பிச்சை. அதே பாடப்புத்தகம் சொல்லாமல் விட்டது, அவள் சிறையிருந்த பெண் என்பதை. ‘சிறைசெய் காதை’ என்றும் ‘சிறைவிடு காதை’ என்றும் அடுத்தடுத்து இரண்டு காதைகளை இதற்கென்றே ஒதுக்குகிறார் சாத்தனார். அதற்கு முன்பே அவள் ஒருமுறை சிறைக்குள் போயிருக்கிறாள், கைதியாக அல்ல. காயசண்டிகையின் உருவத்தில் போய்ச் சிறையிலிருப்போருக்குச் சோறிடுகிறாள். மகிழ்ந்த அரசன் என்ன வேண்டும் என்று கேட்க, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக ஆக்கித்தர வேண்டும் என்கிறாள். ஆக்கப்படுகிறது. அப்படிச் சிறையை இல்லாமல் செய்த பெண்ணைத்தான் அதே அரசன் சிறையில் வைக்கிறான்.

அவள் செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. அரசன் மகன் உதயகுமரன் அவளை விடாமல் துரத்துகிறான். அவள் தப்பிப்பதற்காக எடுத்த உருவம் காயசண்டிகையினுடையது. மனைவியைத் தேடி வந்த காஞ்சனன் என்னும் விஞ்சையன், தன் மனைவியைத்தான் இவன் தொடர்கிறான் என்று எண்ணி உதயகுமரனை வெட்டிவிட்டுப் போய்விடுகிறான். கொன்றவன் கைக்கு எட்டாத இடத்தில். மகன் செய்தது தவறு என்று அரசனே ஒப்புக்கொள்கிறான், அவனுக்குக் கிடைத்தது தகும் என்கிறான். இருந்தும் கணிகையின் மகளையும் காவலில் வைக்கச் சொல்கிறான்.

காவல் என்ற இந்தச் சொல்லை நாம் கொஞ்சம் உற்றுப்பார்க்க வேண்டும். காப்பதும் காவல்தான், அடைப்பதும் காவல்தான். பயிருக்குக் காவல், பெண்ணுக்குக் காவல், காவல் தெய்வம், காவல் நிலையம், காவலில் மரணம். ‘சிறை’யும் அப்படித்தான். திருக்குறளில் மகளிரைக் காப்பதைப் பற்றிய இடத்திலேயே அந்தச் சொல் வந்துவிடுகிறது. மணிமேகலை குற்றவாளியா, பாதுகாக்கப்படுகிறவளா என்பது அரசன் வாயிலிருந்து தெளிவாக வருவதில்லை. இன்றைக்கும் வீட்டைவிட்டு ஓடிவந்து மணம்செய்த பெண்ணை ‘பாதுகாப்புக்காக’ ஸ்டேஷனில் உட்காரவைக்கிறபோது வருவதில்லை.

இனிமேல்தான் கதையின் முக்கியமான பகுதி. மகனை இழந்த இராசமாதேவி துயரத்தை மறைத்துக்கொண்டு அரசனிடம் போய், இந்தப் பெண்ணுக்குச் சிறை தகாது, என்னிடம் விடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறாள். பார்ப்பதற்கு இது கருணை. பெண்ணை ஒரு பெண்ணின் பொறுப்பில் விடுவதைவிட நல்ல ஏற்பாடு உண்டா? அரசி செய்வதை வரிசையாகப் பாருங்கள். முதலில் அவள் அறிவு பிறழும்படி மருந்து கொடுக்கிறாள். அது பலிக்கவில்லை. அடுத்து, கல்லாத இளைஞன் ஒருவனுக்குப் பொன் கொடுத்து, அவளைப் புணர்ந்து அவள் கெட்டவள் என்று ஊரெல்லாம் சொல்லச் சொல்கிறாள். மணிமேகலை ஆண் உருவம் எடுத்துக்கொள்ள அவன் ஓடிப்போகிறான். மூன்றாவதாக, அவளுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிக் காற்றில்லாத புழுக்கறையில் உணவின்றி அடைக்கிறாள்.

மருந்து, பாலியல் வன்முறை, அதற்கு ஊரைச் சாட்சியாக்கும் அவதூறு, பட்டினி, ‘கைதிக்கு உடல்நலக் குறைவு’ என்ற குறிப்பு. காவலில் நடக்கும் கொடுமைகளைப் பற்றிய உண்மையறியும் குழு அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு இந்தப் பட்டியல் புதிதாக இருக்காது. மூன்றிலும் மணிமேகலையைக் காப்பாற்றுவது மந்திரம். அதனால் இது வெறும் அற்புதக் கதை என்று ஒதுக்கிவிடலாம்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேறெதனாலும் தப்பியிருக்க முடியாது என்பதையும் சாத்தனார் சேர்த்தே சொல்லியிருக்கிறார் என்றுதான் வாசிக்கிறேன். மந்திரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 20ஆம் நூற்றாண்டின் வழக்குக் கட்டு.

இன்னொன்றும் உண்டு. கதைக்கு அவசியம் என்றால் ‘மணிமேகலையைச் சிறையில் வைத்தார்கள், பிறகு விட்டார்கள்’ என்று இரண்டு அடியில் முடித்திருக்கலாம். சாத்தனார் உள்ளேயே நின்றுவிடுகிறார். அரசன் நீதி பேசிய மண்டபத்தைவிட அந்த அறையில் அதிக நேரம் இருக்கிறார். அரசி நடுங்கித் தொழும்போது அவளுக்கு மணிமேகலை சொல்லும் பதில், மகனை இழந்த ஒருத்தியிடம் பேசும் பேச்சாக இருக்கிறது. உடலுக்காக அழுதாயா, உயிருக்காக அழுதாயா என்ற அந்த விசாரணையைத் தத்துவம் என்று மட்டும் பார்க்க முடியவில்லை. சிறையிருந்தவள் சிறை வைத்தவளை விசாரிக்கும் விசாரணை அது.

பிறகு வந்த நீண்ட காலத்தைத் தாண்டி, அச்சில் வந்த முதல் தமிழ் நாவலுக்குப் போகிறேன். 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். நீதிமன்றத்தை உள்ளிருந்து பார்த்தவர். அவர் நாவலில் கைதாகிறவன் கணவன். விக்கிரமபுரியில் செருப்புத் தைத்துக் கொடுத்தவனைச் சந்தோஷப்படுத்துவதாகச் சொன்ன பிரதாப முதலியார், கொடுத்த கூலியில் அவன் சந்தோஷப்படவில்லை என்பதற்காகச் சிறைக்குப் போகிறார். அவரைத் தேடி ஆண் வேடத்தில் வரும் ஞானாம்பாள் அந்த ஊருக்கே அரசனாகிவிடுகிறாள். வழக்கை அவளே விசாரிக்கிறாள். புது அரசன் பட்டத்துக்கு வந்ததில் உனக்குச் சந்தோஷமா என்று கேட்டால், இல்லை என்று எவன் சொல்வான்? சந்தோஷம் வந்துவிட்டது, கடன் தீர்ந்தது.

இது வேடிக்கைக்காக எழுதப்பட்ட இடம். ஆனாலும் கணவன் கைதானதைக் கொண்டு ஒரு பெண் நீதிபதி ஆவதற்கு வழி திறந்திருக்கிறார் முன்சீப். அதற்கு அவள் ஆணாக உடுத்த வேண்டியிருந்தது, மணிமேகலைக்கு அந்த அறையில் வேண்டியிருந்ததைப் போலவே. அந்த நாளில் பெண் நீதிபதியைக் கற்பனை செய்ய ஆண் வேடத்தைத் தவிர வேறு வழி கிடைக்கவில்லை என்பதை நாம் குறையாகச் சொல்லலாம். கற்பனை செய்தார் என்பதை மறக்க வேண்டாம்.

அதே காலத்தில், கற்பனையல்லாத வழக்கொன்று பம்பாயில் நடந்தது. சிறுவயதில் மணம்செய்து வைக்கப்பட்ட ருக்மாபாய் கணவன் வீட்டுக்குப் போக மறுத்தார். 1884இல் தொடங்கிய வழக்கில் முதலில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. 1887இல் நீதிமன்றம் சொன்னது: கணவனோடு போய் வாழ வேண்டும், இல்லையென்றால் ஆறு மாதம் சிறை. சிறைக்குப் போகத் தயார் என்றார் ருக்மாபாய். கடைசியில் பணம் கொடுத்து வழக்கு தீர்க்கப்பட்டது. அவர் இங்கிலாந்து போய் மருத்துவம் படித்துத் திரும்பி வந்தார். ஜெயிலா, தாம்பத்தியமா என்று சட்டமே ஒரு பெண்ணிடம் கேட்ட கேள்வியும் அவர் சொன்ன பதிலும் நாடெங்கும் பேசப்பட்டன.

இதை நினைவில் வைத்துக்கொண்டு 1939இன் ‘தியாக பூமி’யைப் பார்க்க வேண்டும். கல்கியின் கதை, கே. சுப்ரமணியத்தின் படம். கணவனால் துரத்தப்பட்ட சாவித்திரி பணக்காரியாகி உமாராணி என்ற பெயரில் திரும்பி வருகிறாள். இப்போது அவள் வேண்டும் என்று கணவன் வழக்குப் போடுகிறான். அவள் மறுக்கிறாள். வேண்டுமானால் நான் ஜீவனாம்சம் கொடுக்கிறேன் என்கிறாள். அந்தக் காலத்துத் தியேட்டரில் இந்தப் பேச்சுக்கு என்ன சத்தம் எழுந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பிறகு அவள் சுதந்திரப் போராட்டத்தில் சேர்ந்து சிறைக்குப் போகிறாள். பிரிட்டிஷ் அரசு படத்தைத் தடைசெய்தது காங்கிரஸ் பிரச்சாரத்துக்காக. ஆனால் கதையின் கணக்கில் அந்தக் கைது வேறொரு வேலையும் செய்கிறது. மனைவியாகத் திரும்பிப் போகவும் முடியாது, மறுத்துவிட்டுத் தனியாக நின்று வாழவும் கதை அனுமதிக்காது என்ற இக்கட்டில், மரியாதையாக வெளியேறுவதற்கு மிஞ்சிய ஒரே கதவு ஜெயில் கதவு. தேசம் என்ற பெயரில் போனதால் யாரும் குறைசொல்ல முடியாது. விவாகரத்துக்குப் பதில் கைது. கல்கி இதை இப்படிக் கருதி எழுதினாரா என்பது எனக்கு முக்கியமில்லை.

அந்தப் பத்தாண்டில் சிறைக்குப் போன பெண்கள் கதைகளில் வந்ததைவிட நிஜத்தில் அதிகம். 1930இல் வேதாரண்யத்தில் ருக்மிணி லட்சுமிபதி. கடலூர் அஞ்சலையம்மாள் சிறையில் இருந்தபோது கர்ப்பிணி. பிரசவத்துக்கு வெளியே விடப்பட்டு, பிறந்த குழந்தையைக் கையில் ஏந்தித் திரும்பிப் போனார். அந்தப் பிள்ளைக்கு ஜெயில் வீரன் என்றே பெயர். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதி ‘ஜகன்மோகினி’யை நடத்திய வை.மு. கோதைநாயகி அம்மாள் ஜெயிலிலும் எழுதிக்கொண்டிருந்தார். 1938 நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாட்டுக்கு மறுநாள், இந்தித் திணிப்பை எதிர்த்து மறியல் செய்து தருமாம்பாளும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் தோழியர் சிலரும் கைதானார்கள். அந்தப் போராட்டத்தில் பெண்கள் கைக்குழந்தைகளோடு சிறை புகுந்தார்கள். இராமாமிர்தம் அம்மையார் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் தேவதாசி முறையின் உள்விவகாரங்களை நாவலாக எழுதி வெளியிட்டிருந்தார்.

இவர்களுடைய கைதுகளுக்கு ஒரு வடிவம் இருந்தது. முன்கூட்டி அறிவிப்பு, கூட்டம், முழக்கம், மாலை, பத்திரிகைச் செய்தி. போலீஸுக்கும் அந்த வடிவம் தெரியும். அதனால் அவர்கள் உள்ளே கஷ்டப்படவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவர்கள் உள்ளே இருப்பது வெளியில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தெரிதல்தான் ஒரு பெண்ணுக்கு ஸ்டேஷனில் கிடைக்கக்கூடிய பாதுகாப்பில் பாதி. மறுபக்கத்தில், திருட்டு, சாராயம், ‘பிராத்தல்’ என்று ஏதோ ஒன்றைச் சொல்லி இரவில் தூக்கிப்போகப்பட்ட ஏழைப் பெண்களுக்கு ஊர்வலமும் இல்லை, வெளியே காத்திருக்கும் பத்திரிகைக்காரரும் இல்லை. அவர்களைப் பற்றி அப்போது யாரும் நாவல் எழுதிவிடவில்லை.

அப்படி ஒருத்தி 1952 தீபாவளிக்குத் திரைக்கு வந்தாள். ‘பராசக்தி’யின் கல்யாணி. கணவனும் அப்பாவும் செத்துப்போக, இட்லி விற்றுப் பிழைக்கப் பார்க்கிறாள். போகிற இடத்திலெல்லாம் ஆண்கள். கோவிலுக்குப் போனால் பூசாரி. கடைசியில் குழந்தையை ஆற்றில் வீசிவிட்டுத் தானும் குதிக்கப் போகிறவளைப் பிடித்துக் கைதுசெய்கிறார்கள். பூசாரியைத் தாக்கியதற்காக அண்ணன் குணசேகரனும் கைதாகிறான். கல்யாணியின் விசாரணையும் படத்தில் இருக்கிறது. ஆனால் தமிழ்நாடு மனப்பாடம் செய்தது குணசேகரனின் பேச்சை. ஒரு தலைமுறையே அதை மேடையில் ஒப்பித்துப் பரிசு வாங்கியது. அந்தப் பேச்சின் பெரும்பகுதி தங்கைக்கு நேர்ந்ததைப் பற்றியது. ஓடியவள் அவள், விரட்டப்பட்டவள் அவள், வாதாடியவன் அவன். நீதிபதி நாற்காலியில் இருந்ததும் இன்னொரு அண்ணன். கல்யாணி குழந்தையை எறிந்த நேரத்திலிருந்து கூண்டுக்கு வந்த நேரம்வரை எங்கே இருந்தாள் என்று நான் பலமுறை படத்தைப் பார்த்தும் எண்ணியதில்லை. இந்தக் கட்டுரைக்காக நினைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது.

படத்தின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. கோவிலையும் கோர்ட்டையும் ஒரே வீச்சில் கேள்வி கேட்ட துணிச்சல் அதற்குப் பிறகு எத்தனை படங்களுக்கு இருந்தது? நான் சொல்ல வருவது, அது போட்டுக்கொடுத்த பாதையைப் பற்றி. பெண்ணின் கைது ஆணின் வசனத்துக்கு முன்னுரை என்ற சூத்திரம் அடுத்த நாற்பது ஆண்டுக்கு ஓடியது. வில்லன் செட்டப் செய்த விபச்சார வழக்கில் கதாநாயகி மாட்டுவாள். கதாநாயகன் ஸ்டேஷனுக்குள் புயலாக நுழைவான். அவள் ‘ஒன்றும் நடக்காமல்’ வெளியே வருவாள். ஒன்றும் நடக்கவில்லை என்பதைப் பார்வையாளருக்கு உறுதிசெய்யத் திரைக்கதை படும் பாட்டைக் கவனித்திருக்கிறீர்களா? நடந்திருந்தால் அவள் சாக வேண்டும். அதனால் நடந்திருக்கக் கூடாது.

நிஜத்தில் நடந்தது. 1972 மார்ச்சில் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்கு, அண்ணன் கொடுத்த புகாரின் பேரில் வரவழைக்கப்பட்ட பழங்குடிப் பெண் மதுரா. அவள்மேல் குற்றமே இல்லை. கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு அவளை மட்டும் உள்ளே நிறுத்திக்கொண்டார்கள். வெளியே உறவுக்காரர்கள் நிற்க, உள்ளே வன்முறை நடந்தது. உச்ச நீதிமன்றம் போலீஸ்காரர் இருவரையும் விடுதலை செய்தது. உடம்பில் காயமில்லை, அவள் கத்தவில்லை என்பவை காரணங்கள். 1979இல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடலும், அதைத் தொடர்ந்து பல நகரங்களில் தெருவுக்கு வந்த பெண்களும் சேர்ந்துதான் 1983இல் சட்டத்தை மாற்றினார்கள். காவலில் நடக்கும் வல்லுறவு தனிக் குற்றமானது. உறவு நடந்தது நிரூபணமாகி, தான் சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால், அதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டே தொடங்க வேண்டும் என்றானது. அதே ஆண்டில், ஷீலா பார்ஸே தொடுத்த வழக்கில், பெண்களைத் தனி லாக்கப்பில் வைக்க வேண்டும், பெண் காவலர் காவலுக்கு இருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். பெண்களைச் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரவழைக்கக் கூடாது, அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டத்தில் இருந்தது. சூரியன் மறைந்து உதிக்கும்வரை பெண்ணைக் கைதுசெய்யக் கூடாது என்பது 2005ஆம் ஆண்டின் திருத்தத்தில் சேர்ந்தது.

இந்தச் சட்டங்கள் எல்லாம் நம் கதைகள் வெட்டியெறிந்த அந்த இரவைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். எத்தனை மணிக்கு, எந்த அறையில், யார் காவலில். கதாசிரியர்கள் எழுதாத காட்சியைப் பெண்கள் இயக்கங்கள் வரி வரியாகச் சட்டத்தில் எழுதவைத்தன.

1992 தமிழ்நாட்டில் விசித்திரமான ஆண்டு. முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் சிதம்பரம் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் கணவன் அடித்துக் கொல்லப்பட்டு, அவரைத் தேடிப்போன மனைவி வல்லுறவுக்கு ஆளானார். அதே ஆண்டு ஜூன் 20ஆம் தேதி, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்திக்குள் புகுந்தார்கள். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர். பெண்களை ஆலமரத்தடியில் கூட்டி உட்காரவைத்து, அவர்களில் 18 பேரைப் பிரித்து ஏரிப் பக்கம் கொண்டுபோனார்கள். பிறகு அரூர் வனச்சரக அலுவலகம், அங்கே ஓர் இரவு, அடுத்துச் சேலம் சிறை. பிள்ளைகளும் சேர்த்துத்தான். ஆவணங்களில் இவர்கள் சந்தன மரம் கடத்தியதற்காகக் கைதானவர்கள். 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பு வந்தபோது குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நடுவில் 31 ஆண்டுகள்.

அத்தனை பேரும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது, மாற்றாமல், 31 ஆண்டுகள். கதையைத் தொழிலாகக் கொண்ட நம்மில் யாரால் முடியும்?

இலக்கியம் இந்த இரவுக்குள் திரும்பி வந்தது 2004இல், ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’யில் என்று நினைக்கிறேன். வழக்கறிஞர், மனித உரிமைச் செயல்பாட்டாளர். வீரப்பனைத் தேடுகிறோம் என்று அதிரடிப் படை சத்தியமங்கலம் மலைக்குள் நடத்தியதைச் சோளகர் வாழ்வின் உள்ளிருந்து எழுதியவர். அந்த நாவலில் மாதி பிடிக்கப்படுவதோடு அத்தியாயம் முடிந்து, கோர்ட்டில் அடுத்தது தொடங்குவதில்லை. முகாமுக்குள் நாமும் போகிறோம். எந்தக் கதாநாயகனும் கதவை உடைத்துக்கொண்டு வருவதில்லை. வாசித்து முடிக்கச் சிலருக்கு முடியவில்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். வன்முறையை இவ்வளவு விரிவாகக் காட்டலாமா என்று கேட்ட தோழியரும் உண்டு. அது நியாயமான கேள்வி. பெண்ணுடல் சிதைவதைப் பார்த்துக் கண்ணீர் விடுவதும் ஒருவகைப் பார்வை இன்பமாகிவிடலாம். சாத்தனாருக்கு அந்த ஆபத்து தெரிந்திருக்கலாம். அவர் அறைக்குள் போனார், ஆனால் நம் கண்ணைப் பெரும்பாலும் அரசியின்மேல் வைத்தார். கொடுமை செய்கிறவள் எப்படி ஒவ்வொரு படியாகத் திட்டமிடுகிறாள், அவளுடைய துக்கம் எப்படி அதற்கு எரிபொருளாகிறது என்று காட்டினார். காட்டாமல் விடுவதற்கும் கண்கொட்டாமல் காட்டுவதற்கும் நடுவில் இப்படியும் ஒரு வழி இருந்திருக்கிறது.

எழுதுகிற தோழியர் யாராவது அடுத்த அத்தியாயத்தில் ஜீப்பை வரவழைக்க நினைத்தால், மணி பார்த்துக்கொள்ளும்படி கேட்பேன். அந்தி சாய்ந்திருந்தால், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்தப் பழைய விதி அப்படியே இருக்கிறது. தவிர்க்க முடியாத நிலை என்றால் மட்டும் ஒரு பெண் அதிகாரி எழுத்துமூலம் அறிக்கை கொடுத்து முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்கி வர வேண்டும். 2025 பிப்ரவரியில் மதுரைக் கிளை, இந்த விதி கட்டாயமல்ல, வழிகாட்டும் தன்மையுடையதுதான், மீறப்பட்டதாலேயே கைது செல்லாததாகிவிடாது என்று சொல்லியிருக்கிறது. மீறிய அதிகாரி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அவ்வளவுதான்.

ஆக, ஒரு பெண் அதிகாரி இரவு பதினொரு மணிக்கு மாஜிஸ்திரேட் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அல்லது தட்டாமல், பிறகு என்ன விளக்கம் எழுதுவது என்று வண்டியிலேயே யோசித்துக்கொண்டு வர வேண்டும். பின் இருக்கையில் கைதான பெண், அவளுக்கு இந்த விதி தெரியுமோ தெரியாதோ. முன்னிருக்கையில் விதி தெரிந்த இன்னொரு பெண். தமிழில் இந்தக் காட்சியை நான் இன்னும் வாசிக்கவில்லை.